நம் ஆட்களே உடைத்த கரை

தெருவின் கடைசி வீட்டுக்காரியை எல்லோரும் நாற்றுக்காரி என்பார்கள். தக்காளி, மிளகாய், கத்தரி என்று குழித்தட்டுகளில் விதை ஊன்றி, நிழல்வலைக்குக் கீழே வளர்த்து, நாலு இலை விட்டதும் விற்பாள். பேச்சு மட்டும் லேசில் வராது. விலை கேட்டால் விரலைக் காட்டுவாள். பேரம் பேசினால் தலையை ஆட்டுவாள்.

"இவகிட்ட பேசி ஜெயிச்சவங்களே கிடையாது. இவ பேசினாத்தானே!" என்று அடுத்த வீட்டுத் தையல்காரி கேலி செய்வாள்.

புருஷன் பொக்லைன் ஓட்டுகிறவர். தெருவுக்கும் கடலுக்கும் நடுவே நிற்கும் மண்கரையை வருஷா வருஷம் மழைக்கு முன்னால் உயர்த்துவது அவர் வேலை. கரைக்கு இந்தப் பக்கம் இருந்தவை கடலைவிடத் தாழ்ந்த வயல்கள். வீடுகள் மட்டும் கொஞ்சம் மேட்டில் இருந்தன. கரை இருக்கிறவரைக்கும்தான் அங்கே பிழைப்பு.

போர் வந்தது. எதிரியின் வண்டிகள் அந்த வயல்வழியாக வரப்போவதாகத் தகவல். சொந்த நாட்டு மேஜரே வந்து பொக்லைனை எடுக்கச் சொன்னார். துப்பாக்கியோடு இரண்டு பேர் கூடவே ஏறிக்கொண்டார்கள். தான் உயர்த்திய கரையைப் புருஷன் தானே வெட்டியதை நாற்றுக்காரி மொட்டைமாடியிலிருந்து பார்த்தாள். கடல் உள்ளே வந்தது. எதிரி வரவில்லை, வேறு பாதையில் போய்விட்டான்.

சண்டை ஓய்ந்த பிறகும் உடைப்பை அடைக்க விடவில்லை. "திரும்ப வந்தா?" என்று ஒரே கேள்வியில் முடித்துவிட்டார் மேஜர். கடல் ஏறும்போதெல்லாம் வயல்களும் முழுகின. கிணறு கரித்தது. அந்தத் தண்ணீரை ஊற்றினால் முளைத்த நாற்று இரண்டு இலையோடு நுனி கருகிச் சாய்ந்தது. மழைக்கு முன்னால் அடைத்துவிட்டால் மழை உப்பைக் கழுவிக்கொண்டு போகும். இந்த மழையையும் விட்டால் மண் எப்போது திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. பொக்லைன் என்னவோ வாசலிலேயேதான் நின்றது.

அப்போதுதான் தலைநகரிலிருந்து ஒரு வக்கீலம்மா வரப்போவது தெரிந்தது. மண்ணையும் தண்ணீரையும் கெடுத்து அதையே ஆயுதமாக்கக் கூடாது என்று நாடுகள் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டிருக்கின்றனவாம். அது விஷயமாக விசாரணையாம்.

"பெரிய பெரிய நாடெல்லாம் கையெழுத்துப் போட்டிருக்காம்டி," என்றாள் தையல்காரி. "எதிரி உடைச்சான்னு சொன்னா உலகமே வந்து அடைச்சுக் குடுக்கும்."

"உடைச்சது..." என்று இழுத்தாள் நாற்றுக்காரி.

"உன் வீட்டுக்காரரு. தெரியாதா எனக்கு? கரையை ஒட்டின வீடு உன்னோடது, உன்னைத்தான் முதல்ல கேப்பாங்க. வருஷத்துக்கு ஒரு வார்த்தை பேசுற. அதை அன்னைக்குப் பேசிடு. 'அவனுங்க'. அவ்வளவுதான்."

வக்கீலம்மா முட்டுவரை சேறோடு வந்தார். வயலைப் பார்த்தார், கிணற்றுத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்து, "யாரும்மா உடைச்சது?" என்று கேட்டார்.

காலையிலிருந்து நாற்றுக்காரி மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்த வார்த்தைதான். தொண்டைவரை வந்தது. பொக்லைன் பக்கத்தில் புருஷன் திட்டு வாங்கிய பிள்ளை மாதிரி நின்றார். அவரைப் பார்த்ததும் வந்த வார்த்தை உள்ளேயே போய்விட்டது.

"நான்தாங்க," என்றார் அவர். "மேஜர் சொல்லித்தான்."

தையல்காரி தலையில் அடித்துக்கொண்டாள்.

வக்கீலம்மா கையிலிருந்த நோட்டை மூடினார். "இந்த ஒப்பந்தம் ஒரு நாடு இன்னொரு நாட்டுக்குப் பண்ற கெடுதலைப் பத்தினதும்மா. நம்ம ராணுவம் நம்ம மண்ணுல பண்ணினதுக்கு இதுல இடமில்ல."

"அப்போ எங்களை முக்கறதுக்கு எதிரிதான் வரணுமா மேடம்?" என்றாள் தையல்காரி. "முன்னாடியே சொல்லியிருந்தா நல்ல எதிரியா ஒருத்தனைப் பிடிச்சு வச்சிருப்போமே!"

யாரும் சிரிக்கவில்லை. நாற்றுக்காரி வாயைத் திறந்தாள்.

"எதிரி உடைச்சிருந்தா, மழைக்கு முன்னாடி வந்து அடைச்சுக் குடுத்திருப்பாங்களா?"

"இல்லம்மா. நம்ம நாடு புகார் குடுக்கணும். எவ்வளவு தூரத்துக்குச் சேதம், எத்தனை காலம் நிக்கும்னு கேப்பாங்க. அப்புறம் நாடுகள் உக்காந்து பேசணும்." வாளியிலிருந்து எழுந்தார். "மேஜர்கிட்ட நான் பேசிப் பாக்கறேன்."

பேசத்தான் செய்தார். மேஜரின் முகாமிலிருந்து திரும்பும்போது அவர் ஜீப் இவர்கள் வாசலில் நிற்காமலே போனது.

வானம் கருக்க ஆரம்பித்த வாரத்தில் முகாமிலிருந்து ஒரு சிப்பாய் வந்தான். "அண்ணே, உடைப்புல வண்டல் சேந்து மேடாகுது. தண்ணி சரியா ஏறலையாம். இன்னும் அகலமா வெட்டச் சொல்றாரு மேஜர்."

"வண்டி ஓடலைன்னு சொல்லிடட்டுமா?" என்று புருஷன் அவளிடம் மெதுவாகக் கேட்டார்.

"சொன்னா விட்டுடுவாங்களா?"

"வேற வண்டி வரும்."

"அப்போ நீங்களே போங்க. உடைப்புக்கு அந்தப் பக்கமா வெட்டுங்க."

"அந்தப் பக்கம் பள்ளிக்கூடம் இருக்கும்மா."

அவள் உடைப்பைப் பார்த்தாள். இந்தப் பக்கம் வெட்டினால் போவது அவளுடைய நாற்றுத் தோட்டம்தான். தோட்டத்துக்குள் போய் நிழல்வலையின் முடிச்சுகளை அவிழ்க்கத் தொடங்கினாள். உப்புக் காற்றில் கயிறு இறுகிப்போயிருந்தது. பொக்லைனில் ஏறி, அதன் கை சுழல இடம் வேண்டுமே என்று பார்த்த புருஷன், இறங்கி வந்து வலையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.