தெற்கு வெளிச்சத்துக்கு விழுப்புரம் வழியாக

காலை 6.40. கிளியனூரில் திண்டிவனம் டவுன் பஸ் ஏறினோம், நானும் என் நாத்தனார் போதும்பொண்ணும். பெண்களுக்குக் காசு இல்லாத பஸ். கண்டக்டர் சீட்டைக் கிழித்துக்கொண்டே எங்கே என்று கேட்டார். "திண்டிவனம்" என்றேன். அதற்கு மேல் எனக்குச் சொல்ல வரவில்லை. நாத்தனார் விடவில்லை.

"எங்க அண்ணி நியூசிலாந்து போறாங்க. இன்னிக்குத் திண்டிவனம் வரைக்கும் வுட்டா போதும்" என்றாள்.

கண்டக்டர் என்னை ஒருமுறை பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சித்திரை மாதம். அக்கினி நட்சத்திரம் தொடங்கி நாலு நாள் ஆகியிருந்தது. அந்த நேரத்திலேயே ஜன்னல் கம்பி சுட்டது.

அவள் சொன்னது பொய் இல்லை. என் மகள் சுமதி நியூசிலாந்து நாட்டின் தென்முனையில் இன்வர்கார்கில் என்ற ஊரில் நர்ஸ் வேலை பார்க்கிறாள். போன வருஷம் ஒரு போட்டோ அனுப்பினாள். வானம் பூராவும் சிவப்பும் பச்சையும் தொங்கிக்கொண்டிருந்தது, சாயம் போகிற சேலையை அலசிப் பிழியாமல் கொடியில் போட்டதுபோல. எங்கேயோ தீப்பிடித்துவிட்டது என்று பதறி போன் போட்டேன். அவள் சிரித்தாள். சூரியனிலிருந்து கிளம்பி வரும் கண்ணுக்குத் தெரியாத பொடி, பூமியின் முனைப் பக்கம் காற்றில் மோதும்போது அப்படி ஒளி விடுமாம். சுடாதாம், சத்தமும் வராதாம். தெற்கு வெளிச்சம் என்று பெயர். அதற்கப்புறம் அந்தப் போட்டோவை நான் எத்தனை தடவை எடுத்துப் பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

அதை நேரில் பார்க்கத்தான் திட்டம். சென்னையிலிருந்து சிங்கப்பூர், அங்கிருந்து கிறைஸ்ட்சர்ச், அங்கிருந்து இன்வர்கார்கில், ஆக மூன்று விமானம். பிறகு காரில் அரை மணி போனால் ப்ளஃப் என்ற துறைமுகம். அங்கிருந்து ஒரு மணி நேரம் கப்பல். கடல் அந்த இடத்தில் நன்றாகத் தூக்கிப் போடுமாம். இறங்கினால் ஸ்டீவர்ட் தீவு. ஏறக்குறைய நானூறு பேர்தான் அங்கே குடியிருக்கிறார்கள். விளக்கு குறைவு, இருட்டு அதிகம். நிலா இருந்தால் வெளிச்சம் மங்கிப்போகும் என்பதால் ஆனி அமாவாசையை ஒட்டி நாலு நாளுக்கு அறை சொல்லி வைத்திருக்கிறாள் சுமதி. அமாவாசை என்றதும் என் வீட்டுக்காரர்கூட, "நல்ல நாளுதான், போய்ட்டு வா. மாட்டை நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டார்.

ஆடி மாதம் சுமதிக்கு வடக்கே பெரிய நகரத்துக்கு வேலை மாறுகிறது. அங்கே இந்த வெளிச்சம் தெரிவது அபூர்வம். அதனால் இந்த ஆனியை விட்டால் எனக்கு வேறு ஆனி கிடையாது. விசாவுக்கு எழுதிப்போட முதலில் பாஸ்போர்ட் வேண்டும். அதற்கு விழுப்புரத்தில் இன்று பத்தரை மணிக்கு வரச்சொல்லி நேரம் கொடுத்திருந்தார்கள். இன்று ஏதாவது தட்டிப்போனால் மறுபடி எப்போது அழைப்பார்களோ, அதற்குள் அமாவாசை போய்விடும்.

7.35. திண்டிவனம் பேருந்து நிலையத்தில் இறங்கி இரண்டிரண்டு இட்லி சாப்பிட்டோம். பதினைந்து நாள் முன்பு பக்கத்துச் சந்தில் இருக்கும் ஒரு கம்ப்யூட்டர் கடையில்தான் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட்டோம். கடை இன்னும் திறக்கவில்லை. கடைக்காரர் அன்று கொடுத்த தாள்கள் என் பையில் பத்திரமாக இருந்தன. ஆதார் அட்டையையும் நான் ஐந்தாவது வரை படித்த பள்ளிக்கூடத்துச் சான்றிதழையும் தலா இரண்டு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு, 8.10க்கு விழுப்புரம் பஸ் ஏறினோம். ஆளுக்கு முப்பது ரூபாய். தூரம் நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு.

மூன்று பேர் உட்காரும் சீட்டில் ஜன்னல் ஓரம் ஓர் அம்மா இருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ், டூட்டிக்குப் போய்க்கொண்டிருந்தார். நர்ஸ் என்றதும் நாத்தனார் சுமதியின் கதையை எடுத்து, கூட்டேரிப்பட்டு தாண்டுவதற்குள் தீவு வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டாள். அந்த அம்மாவுக்கும் ஆசை வந்துவிட்டது.

"பாஸ்போர்ட் பேப்பர் எப்டி இருக்கும்? காட்டுங்கம்மா, எம் பையனுக்கும் எடுக்கணும்" என்று வாங்கிப் பார்த்தார். விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தது. அவர் விரலை ஓர் இடத்தில் வைத்து நிறுத்தினார்.

"ஏம்மா, உங்களுக்கு சர்நேம் வேண்டாமா?"

"வேண்டாம்னுதாங்க சொன்னேன்" என்றேன்.

"அதில்லம்மா. வேண்டாம்னுதான் போட்டிருக்கு."

"ஆமாங்க, வேண்டாம்னு..."

"ஐயோ, அப்டி இல்லம்மா! உங்க பேரே வேண்டாம்னு அடிச்சு வச்சிருக்காங்க. இங்க்லீஷ்ல, இதோ. பூங்காவனம் வேண்டாம்!"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. கம்ப்யூட்டர் கடைக்காரர் அன்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தார். பேர் கேட்டார், பூங்காவனம் என்றேன். சர்நேம் என்றார். அது என்னவென்று எனக்குத் தெரியவில்லை, திருப்பிக் கேட்கக் கூச்சமாக இருந்தது. தெரியாத எதைக் கேட்டாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுவது என் வழக்கம். அவர் அதைப் பேரின் பின்பாதியாக எழுதிவிட்டிருக்கிறார்.

"ஆதார்ல வெறும் பூங்காவனம்தானே இருக்கு? ரெண்டும் ஒத்துப்போவலைன்னா நிறுத்தி வச்சுடப் போறாங்க" என்றார் நர்ஸம்மா.

நாத்தனார் எழுந்து நின்றுவிட்டாள். "வண்டிய நிறுத்தச் சொல்லு அண்ணி. திண்டிவனம் திரும்பிப் போய் அந்தாளை உண்டு இல்லைன்னு பண்ணிட்டு வர்றேன். இன்னா பேஜாரு இது!"

"அவரைப் பண்ணிட்டு வர்றதுக்குள்ள பத்தரை ஆயிடும்" என்றார் நர்ஸம்மா. பிறகு என் பக்கம் திரும்பி, மெதுவாகச் சொன்னார்: "உள்ள போய் உக்காந்ததும் மொத வார்த்தையா இதைச் சொல்லிடுங்க. நீங்க சொல்லலைன்னா அவங்களுக்கு எப்டித் தெரியும்?"

முண்டியம்பாக்கத்தில் அவர் இறங்கிக்கொண்டார். அங்கிருந்து விழுப்புரம் வரை எனக்குச் சாலையில் எதுவும் கண்ணில் படவில்லை. சொல்லவேண்டிய வாக்கியத்தை வாய்க்குள்ளேயே சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி வந்தது.

9.50. விழுப்புரத்தில் தபால் நிலையத்திலேயே பாஸ்போர்ட் பிரிவும் இருக்கிறது. வாசலில் இருந்த காவலர் தாளைப் பார்த்துவிட்டு, "ஒருத்தர் மட்டும் உள்ள போங்க" என்றார்.

"அவங்க வாயே தொறக்க மாட்டாங்கய்யா. நானும் போறேன்" என்றாள் நாத்தனார்.

"உள்ள பேசறதுக்கு ஒண்ணுமில்லம்மா. பேப்பரே பேசும்."

"அந்தப் பேப்பருதான்யா தப்பாப் பேசுது!"

அவர் விடவில்லை. நாத்தனார் என் கையைப் பிடித்து, "சத்தமா பேசு அண்ணி. மாட்டை ஓட்டுறதா நெனைச்சுக்கோ" என்று சொல்லி அனுப்பினாள். எங்கள் மாட்டிடம்கூட நான் சத்தமாகப் பேசியதில்லை என்பது அவளுக்கும் தெரியும்.

உள்ளே பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். மின்விசிறி ஓடியும் என் ஜாக்கெட் நனைந்து ஒட்டிக்கொண்டது. பத்து நாற்பதுக்கு ஒருவர் எழுந்து நின்று கூப்பிட்டார்:

"பூங்காவனம் வேண்டாம்!"

எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். பின்னாலிருந்து ஒருவர், "பூங்காவனம் வேண்டாம்னா வுட்டுடுங்க சார், எனக்குக் குடுங்க. ப்ளாட் போட்டு வித்துக்கறேன்" என்றார். சிரிப்பு எழுந்தது. அத்தனை பேர் சிரிப்புக்கு நடுவில் நடந்துபோய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். எதிரில் இருந்தவர் கண்ணாடி போட்ட நடுவயதுக்காரர்.

"வேண்டாம்ங்கிறது யாரும்மா, வீட்டுக்காரர் பேரா?"

தலை தானாக ஆடப் பார்த்தது. ஆமாம் என்று ஆட்டிவிட்டால் அவர் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார், என்னை யாரும் பார்க்கமாட்டார்கள். அதோடு தீவும் போய்விடும். கழுத்தை இறுக்கி நிறுத்திக்கொண்டேன்.

"இல்லைங்க."

"இன்னாம்மா? கேக்கல."

"அது பேரு இல்லீங்க. வேண்டாம்னு சொன்னதுங்க."

"எது வேண்டாம்? பாஸ்போர்ட் வேண்டாமா?"

"பாஸ்போர்ட் வேணுங்க!" அந்தச் சத்தம் என்னுடையதுதான். "அந்த வேண்டாந்தான் வேண்டாங்க!"

அறையே சிரித்தது. அவரும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, ஆனால் வாய் நிற்கவில்லை. கடையில் கேட்டது, நான் சொன்னது, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் ஆதார் அட்டையை வாங்கிப் பார்த்தார். தட்டினார். கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினார்.

"எடுத்தாச்சு. இப்ப ஒரு ஒரு எழுத்தா படிங்க."

எனக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டத்தான் வரும். அவர் காத்திருந்தார். பூங்காவனம், அவ்வளவுதான். அதற்குப் பிறகு கட்டம் வெறுமையாக இருந்தது.

"இவ்ளோதாங்களா?" என்றேன்.

"இவ்ளோதான். தப்பு இருந்தா இங்கியே சொல்லணும்னுதான் உங்களைக் கூப்பிடறதே. கம்முனு போறவங்களுக்குத்தான் பேஜாரு" என்றார்.

களை பறித்தும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலையை ஆய்ந்தும் என் விரல் ரேகை தேய்ந்திருந்ததால் இயந்திரம் முதலில் ஏற்கவில்லை. ஈரத்துணியால் துடைத்து நாலாவது தடவை ஏற்றுக்கொண்டது. அந்த நேரத்தில் அவர் எந்த நாடு, எதற்கு என்று கேட்டார். சொன்னேன்.

"இதெல்லாம் நார்வேல இல்ல தெரியும்?"

"அது வடக்குங்க. இது தெக்கு" என்றேன். பக்கத்து நாற்காலியில் இருந்தவர்கூடத் திரும்பி என்னைப் பார்த்தார். இந்தத் தடவை நான் தலையைக் குனியவில்லை.

12.05. அடுத்த மேசையில் ஓர் அதிகாரி தாள்களைச் சரிபார்த்து, "முடிஞ்சுதும்மா. போலீஸ் விசாரணைக்கு வீட்டுக்கு வருவாங்க. அப்புறம் பாஸ்போர்ட் தபால்ல வந்துடும்" என்றார். வெளியே வந்தேன். நாத்தனார் அவித்த மல்லாட்டைப் பொட்டலத்தோடு சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் பொட்டலத்தை அப்படியே என் கையில் கொட்டினாள்.

சுமதிக்குப் போன் போட்டேன். அங்கே மாலை ஆறே முக்கால், இருட்டிவிட்டதாம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அம்மா, ஒண்ணு சொல்லணும். போட்டோவுல வர்ற அளவுக்குக் கண்ணுக்குத் தெரியாது. நாலு நாளும் மேகம் போட்டா சுத்தமா தெரியாது" என்றாள். இதைச் சொல்லத் தயங்கிக்கொண்டே இருந்திருப்பாள்போல.

"மேகத்தை நீ இன்னாடி பண்ணுவே? நம்ம கையில இருந்தது முடிஞ்சுது" என்றேன்.

2.30. திண்டிவனம் திரும்பியதும் நாத்தனார் நேராகக் கம்ப்யூட்டர் கடைக்கு நடந்தாள். கடைக்காரர் கேட்டுவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"அம்மா, தப்புதான். ஆனா நீங்க அன்னிக்குக் கூட நின்னுக்கினு, அவசரத்துக்குப் போன் பண்றதுக்கு எம் பேரு போதும்பொண்ணு, எழுதிக்கோன்னீங்க இல்ல? போதும்னு ஒருத்தர் இருக்கசொல்ல, கூட வந்தவங்க வேண்டாம்னு இருக்க மாட்டாங்களான்னு நெனைச்சுட்டேன். இந்தப் பக்கம் எத்தினி பேருக்கு அப்டிப் பேரு இருக்குது!"

நாலு பெண்ணுக்குப் பிறகு ஐந்தாவதாகப் பிறந்தவள் என் நாத்தனார். இதற்கு மேல் பெண் வேண்டாம் என்று வைத்த பெயர் அது. திட்ட வந்தவள், "இனிமேட்டு எவளாவது வேண்டாம்னா ரெண்டு வாட்டி கேளு" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினாள்.

3.15. பாஸ்போர்ட் நல்லபடி முடியாமல் எதையும் வாங்கக் கூடாது என்று இருந்தேன். இப்போது நேரு வீதியில் ஒரு ஜவுளிக்கடைக்குள் நானே முதலில் நுழைந்தேன். கம்பளிக் குல்லா இருக்கிறதா என்று கேட்டேன்.

"அக்கினி நட்சத்திரத்துலயா?" என்றார் கடைக்காரர். "அதெல்லாம் மார்கழிக்குத்தாம்மா கீழ எறக்குவோம்."

"எனக்கு ஆனியில குளிருங்க" என்றேன்.

அவர் ஏணி போட்டு ஏறி, பரணிலிருந்து ஒரு மூட்டையைத் தள்ளினார். தூசியைத் தட்டி, காது மூடுகிற பழுப்புக் குல்லா ஒன்றை எடுத்துக் கொடுத்தார். நூற்று அறுபது ரூபாய். இங்கே நாங்கள் வெயிலுக்குப் பயந்து நிழல் தேடி ஒதுங்குகிறோம். அங்கே ஒரு வெளிச்சத்தைப் பார்க்க இருட்டைத் தேடிப் போகவேண்டியிருக்கிறது.

கடையில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். குல்லாவைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றேன். நெற்றியிலிருந்து வேர்வை வழிந்து மூக்குத்தி மேல் சொட்டியது. யாரோ சிரித்தார்கள். நாத்தனார், "போதும் அண்ணி, கழட்டு, மயக்கம் வரும்" என்றாள்.

காது சரியாக மூடுகிறதா என்று இன்னும் கொஞ்ச நேரம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.