பூண்டு தர மறுத்த பூண்டுக் கடைக்காரர்

காதர் மைதீன் அண்ணன் காலமான செய்தி பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் வந்தபோது, உத்தமபாளையம் கடைத்தெருவில் என் தையல்கடையைத் திறந்து மிஷினில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். எதிர்க்கடை அண்ணனின் பெயர்தான் என்று புரிந்ததும் கை நின்றுவிட்டது. இதென்ன அநியாயம், முந்தின மாலைகூட என்னைக் கேலி பண்ணிவிட்டுத்தானே கடையைச் சாத்தினார்! எண்பதைத் தொட்ட உடம்பு. தூங்கினவர் எழுந்திருக்கவில்லை.

அவரைத் தெரிந்தவர்களுக்கு அவர் கடையின் பூண்டு வாசமும் தெரியும். ஒருமுறை மொத்த வியாபாரி ஒருவர், "ரத்தக்கொதிப்பா? பூண்டு ஒன்றே போதும்!" என்று எழுதிய போர்டைக் கொண்டுவந்து மாட்டச் சொன்னார். விற்பனை பிய்த்துக்கொண்டு போகும் என்றார். அண்ணன் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "யாவாரம் வேற, உசுரு வேற. பூண்டு நல்லதுதான், நான் இல்லைங்கல. அது ஒண்ணே போதும்னு நான் எப்படிச் சொல்லுவேன்?" என்றார். பூண்டு விற்றே பிழைத்தவர் பேசிய பேச்சு இது.

எனக்கு அப்போது அது உறைக்கவில்லை. பிரஷர் இருக்கிறது, தினமும் மாத்திரை போட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எனக்கோ ஒரு தொந்தரவும் தெரியவில்லை, தலைகூட வலிக்கவில்லை. பச்சைப் பூண்டைத் தேனில் ஊறவைத்துத் தின்றால் மாத்திரையே வேண்டாம் என்று பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் சொன்னதும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். மாத்திரை பரணுக்குப் போனது.

"ஏத்தா, ரெண்டு பேரு இருக்குற வீட்டுக்கு இம்புட்டுப் பூண்டா? ஊறுகாயா போடுற?" என்று அண்ணன் ஒருநாள் கேட்டார். பெருமையாக விஷயத்தைச் சொன்னேன். என் பையில் போட்ட பூண்டை அப்படியே திரும்பக் கொட்டிக்கொண்டார்.

எனக்கு வந்ததே கோபம்! "காசு குடுத்துத்தானண்ணே வாங்குறேன், ஓசியிலயா கேக்குறேன்?" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

அவர் சத்தம் போடவில்லை. "எங்க அண்ணனும் இப்படித்தான்த்தா. நம்ம கடைப் பூண்ட நம்பி மாத்திரைய நிப்பாட்டுனாக. இங்கன, இந்தக் கல்லாவுலயே சரிஞ்சாக. ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துருச்சு. கடைசிவரைக்கும் நாந்தான் சோறு ஊட்டுனேன்" என்றார். என் கையைக் காட்டி, "ஊசி பிடிக்கிற கை விழுந்துட்டா ஊருக்கெல்லாம் ஜாக்கெட்டு யாரு தைப்பா? போ, மொதல்ல பிரஷரப் பாத்துட்டு வா" என்றார்.

அவர் சொன்னது தப்பு என்று காட்டத்தான் வீம்பாகப் போனேன். பிரஷர் பார்த்த டாக்டர் என்னை எழுந்திருக்கவே விடவில்லை, படுக்க வைத்துவிட்டார். படுத்துக்கொண்டே பூண்டைப் பற்றிக் கேட்டேன். "பூண்டு பிரஷரைக் கொஞ்சம் குறைக்கலாம்மா. சாப்பாட்டுல சேத்துக்கங்க. ஆனா மாத்திரைக்குப் பதிலா அது ஆகாது" என்றார்.

அதன்பின் அண்ணன் எனக்கென்று ஒரு சட்டம் போட்டார். "அட்டையக் காட்டு, பூண்டத் தாரேன்." மாத்திரை அட்டையைத் தராசுப் பக்கத்தில் வைக்க வேண்டும். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, போனமுறைக்கு இந்தமுறை மாத்திரை குறைந்திருக்கிறதா என்று பார்ப்பார். குறைந்திருந்தால்தான் நிறுப்பார். நிறுத்து முடித்து, மேலே ஒரு கை அள்ளியும் போடுவார். முதலில் கடுப்பாக இருந்தது, பிறகு பழகிவிட்டது.

அவர் போனபின் கடையை மறுபடி திறந்தபோது கல்லாவில் அவர் மகள் ஜமீலா உட்கார்ந்திருந்தாள். ரசத்துக்குக் கொஞ்சம் பூண்டு கேட்டேன். கேட்கும்போதே என் கை தன்பாட்டுக்குப் பர்ஸிலிருந்து அட்டையை எடுத்துத் தராசுப் பக்கத்தில் வைத்துவிட்டது. ஜமீலா அட்டையை எடுத்துப் பார்த்தாள். "கொறைஞ்சிருக்கு அத்தை" என்றாள். நிறுத்து முடித்து, மேலே ஒரு கை அள்ளிப் போட்டாள்.

என் கடைக்கு வந்து உட்கார்ந்துதான் அழுதேன். இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன். அண்ணன் எனக்கு என்ன விட்டுப்போனார் என்று கேட்டால், இந்த இரண்டு கையும்தான்.