புனிதரின் பனியன் துணி

திருப்பூருக்குள் நுழையும் முன்பே, மண்ணரையில் பஸ் பஞ்சராகி நிற்கிறது. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் தங்கையைப் பார்க்க இந்த மாதம் இது மூன்றாவது பயணம். முதுகு விண்விண்ணென்று வலிக்கிறது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, அவள் வாங்கி வரச் சொன்ன அட்டையை எடுத்துப் பார்க்கிறேன். நகத்தளவு பழுப்புத் துணி ஒட்டியிருக்கிறது. முந்நூறு வருடங்களுக்கு முன் இறந்த புனிதரின் அங்கியில் வெட்டியதாம்.

பக்கத்தில் டீ குடிக்கும் பெண்ணின் கழுத்தில் சிலுவை. எதிர் பனியன் கம்பெனியில், துணியில் பழுது இருக்கிறதா என்று பார்க்கும் செக்கிங் வேலையாம். ஆஸ்பத்திரியில் இருக்கும் தங்கைக்கு என்றதும் அட்டையைக் கேட்டு வாங்கி முத்தமிடுகிறாள். பிறகு, ஒட்டாத ஓரத்தை நகத்தால் லேசாக இழுத்து விடுகிறாள். ஓரம் சுருண்டுகொள்கிறது.

“சுருளுது பாருங்க, இது பனியன் துணிங்ணா. மெஷின்ல ஓட்டுனது. அந்தக் காலத்துல ஏதுங்க மெஷினு?”

“அப்போ பொய்யா?”

“அங்கின்னா பொய்ங்க. கல்லறையில தொட்டு எடுத்த துணின்னா நெசந்தானுங்க. எங்க சர்ச்சுலயும் அப்படித்தான் தருவாங்க.”

அட்டையில் ‘அங்கி’ என்றுதான் அச்சடித்திருக்கிறது. வாங்கிய இடத்துக்குத் திரும்பிப் போய்ச் சண்டை போட எனக்குத் தெம்பில்லை.

அவள் திருப்பித் தரும்போது துணியின் மேல் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்று இருக்கிறது. பழுதைக் கண்டால் ஒட்டிப் பழகிய கை, அங்கே ஒரு பொத்தலைப் பார்த்ததும் மணிக்கட்டில் வரிசையாக ஒட்டி வைத்திருந்த ஸ்டிக்கர்களில் ஒன்றை எடுத்துத் தானாக ஒட்டிவிட்டது. பதறிப்போய் உரித்தெடுத்து, சிலுவை அடையாளம் போட்டுக்கொள்கிறாள்.

“தங்கச்சிகிட்டச் சொல்லிப்போடாதீங்ணா.”

“எதை? ஸ்டிக்கரையா, பனியன் துணின்னதையா?”

“ரெண்டையுந்தானுங்க.”