காய்கறி லாரிகளை நிறுத்திய பகல்

பாக்கியம் கார்கோ ஷெட் சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். மார்த்தாண்டம் பக்கத்துக்காரி. புருஷன் ஞானதாஸ் வளைகுடாவில் கொத்தனார். சாரத்திலிருந்து விழுந்து இறந்துவிட்டான். விடிகாலை விமானத்தில் உடல் வந்திருந்தது. கஸ்டம்ஸ், போலீஸ் காகிதமெல்லாம் முடிந்தும் பெட்டியைத் தரவில்லை. நான் கரமனையிலிருந்து பஸ் பிடித்து ஆபீசுக்கு வந்து சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது.

"எம்மா, அவர வெயில்லயா போட்டிருக்கு?" என்று கேட்டாள்.

தொண்ணூறுகளின் கடைசி அது. எங்கள் விமான நிலையத்தின் கார்கோ ஷெட்டைத் தனியாருக்குக் குத்தகைக்கு விட்டிருந்தார்கள். அவர்களைக் கண்காணிப்பது என் வேலை. வளைகுடா விமானத்துக்குக் காய்கறி கொண்டுவரும் லாரிகளின் கேட் பாஸில் கையெழுத்துப் போடுவதோடு என் அதிகாரம் முடிந்தது என்றுதான் அந்த நிறுவனத்தார் நினைத்திருந்தார்கள்.

அவர்களுடைய மலையாளி சூப்பர்வைசரைக் கூப்பிட்டேன்.

"ஃபோர்க்லிஃப்ட் ஒண்ணே உள்ளூ மேடம். காய்கறி இப்பம் ஏத்தலேன்னா கேடாயிடும். பாடி அவிட இருந்தா என்ன ப்ரஸ்னம்?"

"காலையிலேந்து அந்தப் பொண்ணு காத்துண்டிருக்காளே?"

"காண்ட்ராக்ட்ல பாடிக்குன்னு தனியா ஒண்ணும் இல்லல்லோ மேடம். கார்கோன்னா எல்லாம் கார்கோ தன்னே."

அவன் சொன்னது பொய்யில்லை. எனக்குக் கோபம் வந்ததே அதனால்தான். பேனாவை மூடினேன்.

"பெட்டி வெளியே வர்ற வரைக்கும் ஒரு லாரிக்கும் கையெழுத்துக் கிடையாது."

லாரிகள் சாலைவரை நின்றன. ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. மேலதிகாரி போனில் வந்தார்.

"மாலதி, ஆரு உனக்கு இந்தப் பவர் தந்தா? ஃப்ளைட் லேட்டானா நீயா பதில் சொல்லுவே?"

"ஆமா சார், நானே சொல்றேன். ஏன் நிறுத்தினேன்னும் சேர்த்து எழுதித் தரேன்."

அவர் போனை வைத்துவிட்டார். சற்று நேரத்தில் ஃபோர்க்லிஃப்ட் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தது.

பெட்டியின் மேல் ஆங்கிலத்தில் பெயர் எழுதியிருந்தது. பாக்கியம் அந்த எழுத்துகளின்மேல் உள்ளங்கையை வைத்தாள். "பேரு சரியா இருக்காம்மா?" என்றாள். வாசித்துக் காட்டினேன். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

விமானம் தாமதமாகத்தான் கிளம்பியது. எனக்கு மெமோ வந்தது. "வருத்தம்னு ஒரு வரி எழுதிடு, விஷயம் தீர்ந்துது" என்றார் மேலதிகாரி. எழுதவில்லை. இன்கிரிமென்ட் நின்றது.

குத்தகையைப் புதுப்பிக்கும் கூட்டத்தில் நான் ஒரே ஒரு நிபந்தனை கேட்டேன்: காகிதம் முடிந்த உடலை எல்லாச் சரக்குக்கும் முன்னால் கொடுக்க வேண்டும், தவறினால் அபராதம்.

"அதெல்லாம் மனுஷத்தன்மையோட நாங்களே பார்த்துக்குவோம் மேடம். எழுதணுமா?" என்றார் நிறுவனத்தின் ஆள்.

"எழுதணும். உங்க மனுஷத்தன்மை லீவுல போற அன்னிக்கு நான் எதைக் காட்டிக் கேக்கறது?"

நிபந்தனை பத்திரத்தில் ஏறியது. அடுத்த மாற்றல் பட்டியலில் என்னை வடக்கே தூக்கிப் போட்டார்கள். என் பெட்டியைக் கட்டிக்கொண்டு போனேன்.

இந்த வேலைக்கு இப்போது வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். குத்தகைப் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் பார்க்காதீர்கள். யாரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்று தேடுங்கள். வாசலில் நிற்கப்போவது அவர்கள்தான்.