திருநீறு எட்டாத கொப்பு

சின்னத்தாயிக்குக் கோபம் மூக்கு நுனியில். கவுஞ்சியில் பிறந்து வில்பட்டிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். புருஷன் போன பிறகு அவளுக்குக் கஞ்சி ஊற்றியது தோட்டத்து ஓரம் நின்ற ஒற்றைப் பேரி மரம்தான். கொடைக்கானல் பஸ் நிற்கும் இடத்தில் அவள் கூடையோடு உட்கார்ந்தால், சீசனுக்கு வந்த துரைமார்கூடப் பேரம் பேசப் பயப்படுவார்கள்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் அந்த மரத்தில் பஞ்சு வெடித்தாற்போல வெள்ளை வெள்ளையாக அப்பிக்கொண்டது. பஞ்சில்லை, பூச்சி. இருந்த இடத்தை விட்டு அசையாமல் மரத்தின் சாற்றை உறிஞ்சும் சனியன். பக்கத்துத் தோட்டத்துத் திருமலைச்சாமி பதறி ஓடி வந்தார்.

"ஏத்தா, வெட்டி எரிச்சிரு. என் மரத்துக்கும் பரவுனா நான் எங்க போவேன்?"

"மரத்துல கை வச்சுப் பாருங்கண்ணே, அப்புறம் தெரியும் சேதி!"

ஊர் கூடி அமாவாசை வரை கெடு கொடுத்தது. சின்னத்தாயி விழுந்தடித்துக்கொண்டு விவசாய ஆபீசரிடம் ஓடினாள். சீகை மரக் காட்டில் இதே பூச்சியைத் தின்னும் சிவப்புப் பொறிவண்டுகளைப் பிடித்து, தீப்பெட்டியில் அடைத்துக் கொடுத்தார் அவர்.

"மரத்துல விட்டுருங்கம்மா. மருந்து மட்டும் எதுவும் போட்டுராதீங்க."

அவள் வண்டுகளை மரத்தில் விட்டாள். மருந்து போடவில்லை. வெள்ளிக்கிழமை குளித்துவிட்டு, வண்டுகளுக்குத் துணையாகப் பழனித் திருநீற்றை அள்ளி அள்ளிக் கை எட்டிய மட்டும் தூவினாள். திருநீறு மருந்தா என்ன?

மறுநாள் வெள்ளனே போய்ப் பார்த்தால், சாம்பல் அப்பிய வண்டுகள் மரத்தடியில் செத்துக் கிடந்தன. "அடிப்பாவி, நானே கொன்னுட்டேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

அமாவாசையன்று திருமலைச்சாமி கோடாலியோடு வந்தார். சின்னத்தாயி மரத்தைக் கட்டிக்கொண்டு அண்ணாந்தாள். உச்சிக் கொப்பில் வெள்ளை அங்கங்கே பிய்ந்திருந்தது. என்னவோ சிவப்பாக ஊர்ந்தது.

"அண்ணே, வெட்டாதீங்க! வெரசா ஏறிப் பாருங்க!"

முணுமுணுத்துக்கொண்டே ஏறியவர் மேலேயிருந்து கத்தினார். "ஏத்தா! குஞ்சு பொரிச்சுக் கெடக்கு! பூச்சியப் பிச்சுப் பிச்சுத் திங்குது!"

சின்னத்தாயிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கோடாலியைத் தூக்கித் தோட்டத்துக்கு வெளியே வீசினாள். கொஞ்ச நாளில் பொறிவண்டுகள் மரம் முழுக்கப் பரவி, வெள்ளையைத் துடைத்து எடுத்துவிட்டன.

அடுத்த மாசம் திருமலைச்சாமியே காலித் தீப்பெட்டியோடு வந்து நின்றார். அவர் மரத்திலும் வெள்ளை. சின்னத்தாயி வண்டுகளைப் பிடித்துப் போட்டுக் கொடுத்தாள்.

"திருநீறு மட்டும் தூவிராதீங்கண்ணே."

"என்னத்தா, முருகனையே வேண்டாம்ங்கிறியா?"

"ஐயோ, அவரு இல்லாமயா? என் கை எட்டாத கொப்புலதான உக்காந்து காப்பாத்துனாரு!"