பதினேழாம் பக்கத்துக்காரர்

கொரோனா வந்த வருஷம் தபால்காரர் ஒருவர் முகக்கவசம் போட்டுக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு கருவி, அதன் நடுவே சிவப்பாக ஒரு வெளிச்சம். ஓய்வூதியம் வாங்குகிறவன் உயிரோடுதான் இருக்கிறான் என்பதற்கு வருஷம் ஒரு முறை அத்தாட்சி வேண்டும். வழக்கமாக நாங்கள்தான் கருவூலத்துக்குப் போய் வரிசையில் நிற்போம். நோய்க் காலத்தில் கிழவர்களை அலைக்கழிக்க வேண்டாம் என்று கருவியே வீடு தேடி வந்துவிட்டது. "கட்டைவிரல வைங்கய்யா" என்றார் தபால்காரர். வைத்தேன். முதல் இரண்டு தடவை அது என்னை ஒப்புக்கொள்ளவில்லை. தேய்ந்த விரல். மூன்றாம் தடவை ஒப்புக்கொண்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கோபமும் வந்தது. அறுபது வருஷத்துக்கு முன்னால் இதே வேலையை நான் செய்தபோது எனக்கு மெமோ கொடுத்தார்கள்.

அப்போது நான் போடிப் பக்கத்தில், மலையடிவாரத்தில் ஒரு சின்ன போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டர். ஸ்டேஷனின் பெயர் வேண்டாம். பெயரைச் சொன்னால் இன்றைக்கும் யாராவது விளக்கம் கேட்டு எழுதுவார்கள். சிலமலையில் உழவு மாட்டை விட்டுவிட்டு, காக்கி அரை டிரவுசரும் உயரமான சிவப்புத் தொப்பியும் மாட்டிக்கொண்டு வந்தவன் நான். கையெழுத்து குண்டு குண்டாக இருந்ததால் கம்பைப் பிடுங்கிக்கொண்டு பேனாவைக் கொடுத்துவிட்டார்கள். ஸ்டேஷனில் இருந்த நோட்டுகளிலேயே பெரியது ஆஜர் ரிஜிஸ்தர். ஒரு காலத்தில் ஏதோ ஒரு கேஸில் தண்டனை அடைந்தவர்கள் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குள் வந்து அதில் ரேகை வைக்க வேண்டும். எங்கள் சரகத்தை விட்டு வெளியே போகக் கூடாது, வெளியூரில் தங்கக் கூடாது. வெள்ளைக்காரன் போட்ட கைரேகைச் சட்டத்தை எடுத்துவிட்டார்கள் என்று பத்திரிகையில் வந்தது. அந்த இடத்தில் வேறு சட்டம் வந்தது. நோட்டு மட்டும் அதே நோட்டு.

அதில் பதினேழாம் பக்கம் ஒருவருக்கு உரியது. இளவட்டமாக இருந்தபோது மலையிலிருந்து இறங்கிய லோடிலிருந்து ஒரு மூட்டை ஏலக்காயைத் தூக்கிவிட்டு ஆறு மாதம் உள்ளே இருந்தவர். அதன் பிறகு இருபது வருஷமாக விரலை மையில் தோய்த்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வாசலுக்கு வெளியே நிற்பார்கள். ரேகை வைத்ததும் விரலைச் சுவரில் தேய்த்துவிட்டு ஓடிவிடுவார்கள். என் மேஜைக்குப் பக்கத்துச் சுவர் முழுக்க நீலக் கறை. இவர் ஒருவர்தான் துண்டைத் தோளிலேயே போட்டுக்கொண்டு உள்ளே வருவார். மை விரலை நிமிர்த்திப் பிடித்தபடி, "தொடைக்கத் துணி கொண்டாங்க ரைட்டரய்யா. அரசாங்கத்து மை, அரசாங்கத்துத் துணியிலதான் தொடைக்கணும்" என்பார். ஏட்டையா இதற்காகவே அவரை இரண்டு தடவை அறைந்திருக்கிறார் என்று கேள்வி. மறுநாளும் அவர் துணி கேட்டார். நான் வந்த பிறகு மை ஒற்றும் தாளைக் கிழித்துக் கொடுக்க ஆரம்பித்தேன். அதை வாங்கிக்கொண்டு, "இது துணி இல்ல, சரி பரவால்ல" என்பார்.

பன்னிரண்டு மாதம் ஒரு நாள்கூட விடாமல் ரேகை வைத்து, புதுக் கேஸ் எதுவும் இல்லாமல் இருந்தால், பெயரை எடுத்துவிடச் சொல்லி மேலே எழுதலாம். இருபது வருஷத்தில் அவருக்கு அந்தப் பன்னிரண்டு மாதம் சேரவே இல்லை. ஒரு தடவை தாயார் செத்தார், ஒரு தடவை ஆற்றில் வெள்ளம் வந்து பாதையை மறித்தது. ஒரு நாள் தவறினால் மறுபடி முதலிலிருந்து. கூடவே ஒரு கேஸும் விழும். ஆனால் அந்த வருஷம் அவர் வைராக்கியமாக இருந்தார். காரணம் அதே பக்கத்தின் அடியில் இருந்தது. அவருடைய மகன் பெயரை யாரோ பென்சிலால் எழுதி வைத்திருந்தார்கள். மகன் ஒரு குற்றமும் செய்தவன் இல்லை. மேலே ஏலத் தோட்டத்தில் வேலை, புதிதாகக் கல்யாணமானவன். அப்பன் பெயர் நோட்டில் இருந்தால் மகன் பெயரும் ஒரு நாள் மையில் ஏறும் என்பது அன்றைக்கு எழுதாத வழக்கம். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் அந்தப் பென்சில் எழுத்து என்னவென்று அவருக்குத் தெரிந்திருந்தது.

மொழிவாரியாக மாநிலம் பிரித்த மறு வருஷம் அது. பத்திரிகைகள் ஃப்ளூ என்று எழுதிய காய்ச்சலை எங்கள் ஊரில் விஷக்காய்ச்சல் என்றார்கள். கப்பலில் வந்து மெட்ராஸில் இறங்கி, ரயிலில் மதுரை வந்து, எங்களிடம் வந்து சேர்ந்தது. வீட்டுக்கு நாலு பேர் படுத்தார்கள். சந்தை கூடவில்லை. போடிமெட்டுக்குப் போகும் ஜீப்பு ஒன்றுகூட ஓடவில்லை, டிரைவர்களே படுக்கையில். அந்த வாரங்களில் எங்கள் ஸ்டேஷனில் இருந்த அமைதியை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. மதுவிலக்குக் காலம், சாராயக் கேஸ்தான் எங்களுக்குச் சோறு. காய்ச்சுகிறவனும் படுத்துவிட்டான், குடிக்கிறவனும் படுத்துவிட்டான். வரப்புச் சண்டை போட ஆளில்லை. லாக்கப் கதவில் சிலந்தி வலை பின்னியது. சப் இன்ஸ்பெக்டர் குவார்ட்டர்ஸில் பிதற்றிக்கொண்டு கிடந்தார், ஏட்டையா போர்வைக்குள். எனக்கு முதல் வாரமே வந்து போய்விட்டது. எழுந்து நடமாடியது நானும் பாரா நின்ற ஒரு குண்டுக் கான்ஸ்டபிளும்தான். "சம்பவம் ஒன்றும் இல்லை" என்று நான் டைரியில் எழுதுவேன், அவர் கொட்டாவி விடுவார். நோட்டில் இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் வரவில்லை. எல்லாருக்கும் காய்ச்சல் என்று எழுதி வைத்தேன். பதினேழாம் பக்கத்துக்காரர் மட்டும் தவறாமல் வந்தார். "ஊரே படுத்துக் கெடக்கு. ஒங்களுக்குச் சோலி குடுக்கிறது நான் ஒருத்தன்தான்" என்பார்.

இன்னும் பதினொரு நாள் பாக்கி இருந்தபோது, ஒரு காலையில், வர வேண்டிய நேரமில்லாத நேரத்தில் வந்தார். தலையில் அரிசி மூட்டை, கையில் ஒரு கம்பு. அனுமதி கேட்கவில்லை.

"மகன் மேல தோட்டத்துல காய்ச்சல்ல கெடக்கானாம். மருமகளும் படுத்துட்டாளாம். லயத்துல தண்ணி மோந்து குடுக்க ஆளில்ல. நான் போறேன், எழுதிக்கிடுங்க."

"இன்னைக்கு ஆறு மணிக்குள்ள திரும்ப முடியாதே. வருஷம் போயிருமே" என்றேன்.

"அவனுக்காகத்தான வருஷம். அவனே இல்லன்னா இந்த வருஷத்த வச்சு நான் நாக்கு வழிக்கவா?"

காய்ச்சல் என்று அவருக்கும் எழுதிவிடலாம்தான். ஆனால் காலையில் தெருவில் அரிசி மூட்டையோடு போனவரைப் பத்துப் பேர் பார்த்திருப்பார்கள். அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போட வேண்டிய இரண்டு பேரும் கண் திறக்கவில்லை. அவர் மலைப் பக்கம் திரும்பி வெரசா நடந்தார். நான் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அந்த நாளுக்கான காலிக் கட்டத்தைப் பார்த்தபடி இருந்தேன். எனக்கு வேலை ஒன்றும் இல்லை. ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து, ஆறு மணி அடித்ததும் அந்தக் கட்டத்தில் 'ஆஜர் இல்லை' என்று எழுதுவதுதான் என் வேலை. விதிகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். அவர் ஒரு போலீஸ்காரன் முன்னால் ரேகை வைக்க வேண்டும் என்று விதி இருந்தது, சரகத்துக்குள் இருக்க வேண்டும் என்று இருந்தது. அந்தத் தோட்டம் மெட்டுக்குக் கீழே, மாநில எல்லைக்கு இந்தப் பக்கம், எங்கள் சரகம்தான். நோட்டு மேஜையை விட்டு நகரக் கூடாது என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. இப்படி ஒருவன் செய்வான் என்று யாருக்கும் தோன்றியிருக்காது.

ரிஜிஸ்தரை எண்ணெய்த் துணியில் சுற்றினேன். மைப்பெட்டியை டிரவுசர் பையில் போட்டேன். டைரியில் "மலைப்பாதை ரோந்து" என்று எழுதினேன். பாராக்காரர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றார். "போய்ட்டு வா மாப்ளே. இந்த ஸ்டேஷன எவன் தூக்கிட்டுப் போகப் போறான்" என்றார்.

முந்தல் கிராமத்துக்கு மேலே குறுக்குப் பாதையில் ஏறினேன். பாதையில் எதிரே ஒரு ஆள் வரவில்லை. ஏலச் செடிகளில் காய் பழுத்து, எடுக்க ஆளில்லாமல் உதிர்ந்து கிடந்தது. அந்த வாசனையில் எனக்குத் தலை வலித்தது. தோட்டத்து வேலையாட்கள் குடியிருக்கும் லயத்தை நெருங்கியதும் என் சிவப்புத் தொப்பியைக் கண்டு, எழ முடிந்தவர்கள் எழுந்து நின்றார்கள். "யாரப் பிடிக்க வந்தீக சாமி?" என்று ஒரு பெண் அழுதாள். நான் மூட்டையைப் பிரித்து நோட்டைக் காட்டினேன். பதினேழாம் பக்கத்துக்காரர் கஞ்சிப் பானைக்கு முன்னால் குந்தியிருந்தவர், நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்று, விரலை நீட்டினார். ஈரக் கை, ரேகை கலைந்துவிட்டது. வேட்டியில் நன்றாக ஈரம் போகத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். மை ஒற்றும் தாளை நான் கொண்டுவரவில்லை. அவர் விரலை நிமிர்த்திப் பிடித்தபடி காத்திருந்தார். நான் என் காக்கிச் சட்டையின் ஓரத்தை எடுத்து நீட்டினேன். "இதுதான் துணி" என்று சொல்லித் துடைத்துக்கொண்டார். உடனே, "வந்தது வந்தீக, அந்தக் கொடத்த எடுத்து ஓடையில ரெண்டு நடை தண்ணி கொண்டாங்க" என்றார். கொண்டுவந்தேன்.

மறுநாளும் போனேன். அடுத்தடுத்த நாட்களும் போனேன். காலையில் ஏறி, மத்தியானம் ரேகை வாங்கி, இருட்டுவதற்குள் இறங்கிவிடுவேன். தன் மகனுக்கு என்று கொண்டுபோன அரிசியை அவர் லயம் முழுக்கக் கஞ்சியாக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் போடியில் ஆஸ்பத்திரி மருந்தும் மளிகையும் வாங்கிச் சுமந்தேன். ஐந்தாம் நாள் மகன் எழுந்து உட்கார்ந்தான். ஆறாம் நாள் நான் போனபோது தகப்பன் படுத்துவிட்டார். உடம்பு கொதித்தது, கண் சொருகியிருந்தது. மகன் ஒரு கையால் அவரைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் மைப்பெட்டியை எடுக்கப் போனான். அந்தக் காய்ச்சலிலும் அவர் அவன் கையைத் தட்டிவிட்டார்.

"நீ மையத் தொடாத."

அந்தக் குரல் எனக்கு இன்னும் கேட்கிறது. மகன் கையை இழுத்துக்கொண்டான். நான் அவர் விரலைப் பிடித்து வைத்தேன். அதன் பிறகு மூன்று நாள் நான்தான் பிடித்து வைத்தேன். பத்தாம் நாள் கம்பை ஊன்றி இறங்கி வந்து ஸ்டேஷனில் வைத்தார். மறுநாள் வருஷம் முடிந்தது.

மாதக் கடைசியில் இன்ஸ்பெக்டர் வந்தார். அதற்குள் எங்கள் சப் இன்ஸ்பெக்டர் எழுந்துவிட்டார். ஆனால் தான் படுத்திருந்ததாகவும் தனக்கு ஒன்றும் தெரியாது என்றும் முன்கூட்டியே சொல்லிவிட்டார். இன்ஸ்பெக்டருக்குக் காய்ச்சலைப் பற்றிக் கவலை இல்லை, அந்த மாதக் கணக்குக்கு ஒரு கேஸ்கூட இல்லை என்பதுதான் கவலை. யாரோ அவரிடம் என் மலைப் பயணத்தைச் சொல்லியிருந்தார்கள். ரிஜிஸ்தரைப் புரட்டினார். பனியில் ஊறி அலை அலையாகிவிட்ட பக்கம் அவர் கேட்காமலே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

"யாரக் கேட்டு நோட்ட வெளிய கொண்டு போன?"

"கேக்கிற மாதிரி ஒருத்தரும் கண்ணத் தொறக்கலைங்கய்யா."

"அவன் ஸ்டேஷனுக்கு வரல. ஒன்பது நாளும் ஆஜர் இல்லன்னு எழுது. இந்த மாசத்துக்கு ஒரு கேஸாவது ஆச்சு."

ஒவ்வொரு ரேகைக்குப் பக்கத்திலும் என் கையெழுத்து இருந்தது. நானே என் கையெழுத்தைப் பொய் என்று எழுதிக் கொடுத்தால்தான் அந்தக் கேஸ் கோர்ட்டில் நிற்கும். "நான் பாக்க வச்ச ரேகைய்யா. இல்லன்னு எழுத மாட்டேன்" என்றேன். மெமோ தருவேன் என்றார், தண்ணியில்லாத ஊருக்கு மாற்றுவேன் என்றார். மாட்டேன் என்றேன். கடைசியில் என் சட்டையின் ஓரத்தைப் பார்த்து, "அது என்னய்யா மை?" என்று கத்தினார். அரசாங்கத்துத் துணி என்று சொல்ல வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

சொன்னபடி செய்தார். மெமோவும் வந்தது, ராமநாதபுரம் சீமையில் கடற்கரையோரம் ஒரு ஸ்டேஷனுக்கு மாற்றலும் வந்தது. கிளம்புவதற்கு முன்னால் இரண்டு வேலை செய்தேன். பன்னிரண்டு மாதம் முடிந்தது என்று மேலே போக வேண்டிய காகிதத்தை எழுதி, சப் இன்ஸ்பெக்டர் முன்னால் வைத்து, அவர் கையெழுத்துப் போடும் வரை நகராமல் நின்றேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் போட்டார். பிறகு பதினேழாம் பக்கத்தை எடுத்து, அடியில் இருந்த பென்சில் எழுத்தை ரப்பரால் அழித்தேன். தாள் கிழிகிற அளவுக்கு அழித்தேன். இதற்கு யாருடைய உத்தரவும் இல்லை.

எட்டு மாதம் போயிருக்கும். ஒரு மத்தியானம் அந்தக் கடற்கரை ஸ்டேஷன் வாசலில் நிழல் விழுந்தது. தோளில் துண்டோடு அவர் நின்றார். நேராக உள்ளே வந்து, புகார் கொடுக்க வருகிறவர்களுக்குப் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் ஒரு ஸ்டேஷனுக்குள் உட்கார்ந்து நான் அதுவரை பார்த்ததில்லை. மடியிலிருந்து ஒரு பொட்டலம் ஏலக்காயை எடுத்து மேஜைமேல் வைத்தார். "வெல குடுத்து வாங்குனது. ரசீது இருக்கு, பாக்குறீகளா?" என்றார். பெயரை அடித்த உத்தரவு போன வாரம்தான் வந்தது என்றார், பேரன் பிறந்திருக்கிறான் என்றார். என்ன விஷயமாக இவ்வளவு தூரம் என்று கேட்டேன்.

"ஒரு விசயமும் இல்ல. பஸ்சு மாறிப் பஸ்சு ஏறி வந்தேன். எங்க போறேன்னு ஒரு பய என்னைக் கேக்கல ரைட்டரய்யா."

அன்றிரவு அந்தக் கடற்கரை ஊரில் தங்கிவிட்டுத்தான் போனார். அவர் விரலை நான் கவனித்தேன். நகக்கண்ணில் கொஞ்சம் நீலம் இன்னும் இருந்தது.

தபால்காரர் கருவியை உறையில் போட்டுக்கொண்டிருந்தார். நான் கட்டைவிரலை நிமிர்த்திப் பிடித்தபடி, துடைக்க ஒரு துணி கேட்டேன். "இதுல மை இல்லையேய்யா" என்றார். இருக்கட்டும், கொடு என்றேன். பாவம், பையைத் துழாவி ஒரு துண்டுத் துணி கொடுத்தார். வீட்டு வாசலில் அரசாங்கம் வந்து ரேகை வாங்கிப் போவதைப் பெரிய ஏற்பாடு என்று பத்திரிகையில் எழுதியிருந்தார்கள். நல்லதுதான். அறுபது வருஷம் லேட்.

இதையெல்லாம் எழுதியதும் என் பேத்தி படித்துவிட்டு, "அவரு பேரு என்ன தாத்தா? எழுதவே இல்லையே" என்று கேட்டாள். தெரியும். தினமும் என் குண்டு எழுத்தில் நானே எழுதிய பெயர். அதை நோட்டிலிருந்து எடுக்க அந்த மனிதருக்கு இருபது வருஷமும் ஒன்பது நாளும் ஆயின. மறுபடி ஒரு தாளில் அதை நான் ஏற்ற மாட்டேன்.