பாலை மரத்துக் கட்டில்

எந்தச் சங்கிலியையும் பஸீஹா தொங்கிப் பார்த்துத்தான் வாங்குவாள். புத்தளம் நகரத்து ஹார்ட்வெயார் கடையில் கூரை வளைக்கம்பியில் சங்கிலியைக் கொளுவி, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, இரண்டு காலையும் மடக்கித் தன் முழுப் பாரத்தையும் அதில் விடுவாள். ஆள் வாட்டசாட்டமானவள். கடைக்கார மின்ஹாஜ் பதறிப்போவான்.

"ராத்தா, கூரை கழண்டு வந்துரும்!"

"கூரை கழண்டா நீ வேற போட்டுக்க தம்பி. சங்கிலி கழண்டா என்ட மச்சான்தான் விழுவாரு."

மச்சான் என்றது அவளுடைய கணவன் முஹ்ஸினை. வண்ணாத்திவில்லுப் பக்கம் அவர்களுக்குக் கச்சான் தோட்டம் ஒன்று உண்டு. மண்ணுக்குள் கச்சான் கடலை முற்றும் நாளில் காட்டுப்பன்றி வரும். பயிர்க் காவலுக்கென்று முஹ்ஸினின் பெயரில் துவக்கு அனுமதி இருக்கிறது. சுட்ட பன்றியை அவர்கள் தொடமாட்டார்கள். பக்கத்துக் காணி பந்துல வந்து இழுத்துக்கொண்டு போவான். போன வருஷம் தோட்டத்துப் பாலை மரத்தில் கம்பும் கயிறுமாகக் கட்டியிருந்த காவல் பரண் உளுத்து முறிந்து முஹ்ஸின் விழுந்தான். கால் எலும்பு உடைந்து பொருந்தியது. ஆனால் அதற்குப் பிறகு அவன் மரம் ஏறவில்லை. "கால் நோகுது" என்பான். தண்ணீர்க் கேன் இரண்டைத் தூக்கிக்கொண்டு அதே காலால் அவன் விறுவிறுவென்று நடப்பதை பஸீஹா பார்த்திருக்கிறாள். பார்த்ததைச் சொன்னதில்லை.

இந்த வருஷம் பரணை அவளே கட்டினாள். பழைய இரும்புக் கடையில் கிடந்த ஒற்றைக் கட்டில்தான் அதற்கு அடித்தளம். மேலே கற்பிட்டியிலிருந்து கொண்டுவந்த உடைந்த வள்ளத்தின் பலகை. வெயில் ஏறினால் இன்னும் மீன் மணக்கும். மரத்தில் ஓர் ஆணிகூட அடிக்கவில்லை. லொறியில் சாமான் இறுக்கும் பெல்ட்டாலும் சங்கிலியாலும் வரிந்து கட்டினாள். பட்டை காயப்படாமல் இருக்கச் சங்கிலிக்கு அடியில் டயர்த் துண்டு வைத்தாள். நட்டு முறுக்கும்போது அதோடு கதைப்பாள். "வா வா, இன்னும் ஒரு சுத்து. என்ன வெக்கம் உனக்கு?"

கட்டிலை மரத்தில் ஏற்றிவிட்டாள் என்று போகிற வருகிறவர்கள் சிரித்தார்கள். முஹ்ஸின் சிரிக்கவில்லை. கீழே கதிரையில் இருந்து குறை சொன்னான்.

"ஏணி செங்குத்தா நிக்குது."

ஏணியைச் சரித்து வைத்தாள்.

"மேல புடிக்க ஒண்டுமில்லையே."

சுற்றிவரக் குழாயில் கைபிடி போட்டாள். காற்றுக்கு ஆடும் என்றான்; இன்னொரு பெல்ட் போட்டு இறுக்கினாள். ஒருநாளும் அவள் மறுத்துப் பேசவில்லை. அவனுக்குள் இருக்கிற பயம் தினம் ஒரு பெயரில் வெளியே வருகிறது, வந்து முடியட்டும் என்று இருந்தாள். கடைசியில் ஒருநாள் அவன் மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.

"கால் நோகுது பஸீ," என்றான்.

"ஓம்," என்றாள்.

மறுநாள் விடியும்போது தோட்டத்தின் ஒரு மூலை உழுதுபோட்டது போலக் கிடந்தது. அன்று பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு பஸீஹா தகரமும் தடியும் பிளாஸ்க்குமாகத் தனியாக ஏறி உட்கார்ந்தாள். வெயில் தணிந்ததும் பற்றைக்குள்ளிருந்து பன்றிகள் வந்தன. தகரத்தில் ஓங்கி அடித்தாள். குட்டிகள் ஓடின. பெரியது மட்டும் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, அவசரமில்லாமல் பற்றையோரம் ஒதுங்கியது.

கீழே காலடி கேட்டது. முஹ்ஸின் துவக்கோடு நின்றான்.

"இறங்கி வா. தகரத்துக்கெல்லாம் அது பயப்படாது."

"நான் இறங்கினா கச்சான் போயிரும் மச்சான். நீங்க வீட்ட போங்க."

அவன் போகவில்லை. மரத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தான்.

"ரெண்டு பேரத் தாங்குமா?"

பஸீஹா கயிற்றைக் கீழே விட்டாள். தோட்டா போடாத துவக்கை அவன் அதில் கட்ட, மேலே இழுத்துக்கொண்டாள். பிறகு ஏணிக்கு முதுகைக் காட்டித் தோட்டத்தைப் பார்த்தபடி இருந்தாள்.

ஏணி அதிர்ந்தது. பாதியில் நின்றது. அவன் மூச்சு வாங்குவது கேட்டது. பஸீஹா குழாயில் இருந்த துருவை நகத்தால் சுரண்டினாள். ஏணி மறுபடி அதிர்ந்தது. பலகை முனகியது. வியர்வை மணத்தோடு அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

பற்றையோரம் பன்றியின் முதுகு மறுபடி தெரிந்தது. முஹ்ஸின் பையிலிருந்து தோட்டாக்களை எடுத்தான். அவை அவன் விரல்களுக்குள் ஒன்றோடொன்று தட்டிச் சத்தமிட்டன.

பஸீஹா அவற்றை வாங்கித் தன் மடியில் வைத்தாள். பிளாஸ்க்கைத் திறந்து, மூடியில் தளும்பாதபடி பாதிக்கு மட்டும் பால் விடாத பிளேன்டி ஊற்றி, அவனுடைய இரண்டு கைக்குள்ளும் வைத்தாள்.